மகளை நிதியியல் இளநிலையில் சேர்ப்பது: அரசுக் கல்லூரியா, எல்லைக்கு அப்பாலுள்ள தனியார் பல்கலைக்கழகமா?

தோப்புக்காரர் (கொழிஞ்சாம்பாறை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். கள்ளுக்கு விட்ட மரங்களின் குத்தகைதான் மாதந்தோறும் கைக்கு வரும் பணம். தேங்காய் வருமானம் விலையைப் பொறுத்தது. என் மகள் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, காமர்ஸ் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அக்கவுண்டன்சியில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள், நிதியியல்தான் படிப்பேன் என்கிறாள்.

இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, காலிக்கட் பல்கலைக்கழக அலாட்மென்டில் அரசுக் கல்லூரி பி.காம். முதல் அலாட்மென்டில் இடம் வரவில்லை, இரண்டாவதில் வரக்கூடும். மற்றொன்று, கோயம்புத்தூர்ப் பக்கம் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நிதியியல் சிறப்புப் பாடத்துடன் பி.காம். ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு 6 லட்சம் ரூபாய் கட்டணம் சொல்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் 25,000 ரூபாய் முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்துகொள்ள வேண்டுமாம். அவர்கள் கொடுத்த வழவழப்பான புத்தகத்தில், வேலை கிடைத்த மாணவர்களின் படங்கள் பாதிப் பக்கங்களை நிறைத்திருக்கின்றன. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் படிப்புக்காகக் கடன் வாங்கியதில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற வங்கியர் எழுதியது:

ஐயா, கடன் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன். மற்றதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் சொல்லட்டும்.

முதலில் ஒரு நிம்மதி: 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு அரசின் கடன் உத்தரவாதத் திட்டம் இருப்பதால், தோப்புப் பத்திரத்தை வங்கியில் வைக்க வேண்டியதில்லை. நீங்கள் மகளுடன் கூட்டாகக் கையெழுத்திட வேண்டியிருக்கும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற வித்யாலட்சுமி திட்டத்தின் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருந்து, உங்கள் குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள்ளும் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு மாரட்டோரியம் காலத்தில், அதாவது தவணை தொடங்கும் வரையிலான காலத்தில், 3 விழுக்காடு வட்டி மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கே அந்தத் திட்டம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்குப் பொருந்தாது. ஆகவே உங்கள் மகளுக்கு எந்த வகையில் இடம் தருகிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி கணக்கு. ஆண்டுக்கு 2 லட்சமாக மூன்று முறை பணம் வாங்குகிறீர்கள், வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலம் மூன்று ஆண்டு, அதற்குப் பின் ஓராண்டு, ஆக நான்கு ஆண்டுகள் தவணை இல்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். முதல் 2 லட்சத்துக்கு நான்கு ஆண்டு, இரண்டாவதற்கு மூன்று, மூன்றாவதற்கு இரண்டு ஆண்டு வட்டி என்று கூட்டினால் 1,80,000 ரூபாய் வரும். தவணை தொடங்கும் நாளில் கடன் 7,80,000 ஆகியிருக்கும். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறக்குறைய 10,300 ரூபாய் வேண்டும். கட்டி முடிக்கும்போது மொத்தம் 12,37,000 ரூபாய் போயிருக்கும்.

படிக்கும் காலத்திலேயே அவ்வப்போது வட்டியைக் கட்டிவந்தால், தவணை 7,930 ரூபாயாகக் குறையும். முதலாண்டில் மாதம் சுமார் 1,670, இரண்டாமாண்டில் 3,330, அதன்பின் 5,000. அப்படிச் செய்தால் மொத்தச் செலவு 11,31,000 ரூபாய்தான். 1,05,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். கள்ளுக் குத்தகைப் பணம் மாதாமாதம் வருகிறது என்கிறீர்கள். அதிலிருந்து வட்டியைக் கட்டிவிடுங்கள்.

கோவையில் இரண்டாமாண்டு எழுதியது:

வங்கியர் ஐயாவின் கணக்கில் ஒரு சிறு திருத்தம் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். நான் வேலந்தாவளத்திலிருந்து சென்று, கோவையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நிதியியல் பி.காம். இரண்டாமாண்டு படிக்கிறேன்.

11,31,000 ரூபாயையும் 12,37,000 ரூபாயையும் நேராகக் கழித்து 1,05,000 மிச்சம் என்று சொல்வது சரியாகாது. ஏனெனில் படிக்கும்போதே வட்டியைக் கட்டும் வழியில் பணம் முன்கூட்டியே கையை விட்டுப் போகிறது. இன்று கொடுக்கும் ஆயிரம் ரூபாயும் எட்டாண்டு கழித்துக் கொடுக்கும் ஆயிரம் ரூபாயும் ஒன்றல்ல. மேலும் மாரட்டோரியம் காலத்தில் ஏறுவது தனிவட்டி; தவணை தொடங்கும்போதுதான் அது அசலோடு சேர்கிறது. அதாவது அந்த நான்கு ஆண்டுகளுக்கு வட்டிக்கு வட்டி இல்லை. ஆகையால், கையிலுள்ள பணத்தை 10 விழுக்காடு வருமானம் தரும் இடத்தில் போட வழியுள்ள ஒருவருக்கு, வட்டியை இப்போது கட்டாமல் இருப்பதே சற்று இலாபம். சேமிப்புக் கணக்கில் 3 விழுக்காட்டுக்குக் கிடக்கும் பணம் என்றால் ஐயா சொன்னதே சரி. விடை பணத்துக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஓய்வுபெற்ற வங்கியர் எழுதியது:

தம்பி சொல்வது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். முப்பது ஆண்டுகளாக வாடிக்கையாளர்களிடம் மொத்தத் தொகையைக் காட்டியே பேசிப் பழகிவிட்டேன், அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. ஆனால் தம்பி ஒன்றை விட்டுவிட்டார். படிப்புக் காலத்தில் வட்டியை ஒழுங்காகக் கட்டுபவர்களுக்கு ஒரு விழுக்காடு வட்டிச் சலுகை தர வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் இடமுண்டு. அதைச் சேர்த்தால் தராசு மீண்டும் என் பக்கம் சாயக்கூடும். கிளை மேலாளரிடம் கேட்டுப் பெற வேண்டும்; அவராக நினைவுபடுத்த மாட்டார்.

தோப்புக்காரர் எழுதியது:

நீங்கள் இருவரும் பேசிக்கொண்டதை மகளிடம் வாசித்துக் காட்டினேன். தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் உள்ள வேறுபாடு பள்ளியில் படித்ததுதான், ஆனால் இப்படிக் கேட்கத் தோன்றவில்லை என்றாள். தம்பி, இதை அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் கற்றீர்களா? அப்படியானால் 6 லட்சத்துக்கு ஒரு பொருள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கோவையில் இரண்டாமாண்டு எழுதியது:

நேர்மையாகச் சொன்னால், ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல வேண்டும்.

முதலாண்டில் எங்களுக்கு ஒரு நல்ல ஆசிரியர் வாய்த்தார். பணத்தின் காலமதிப்பு என்ற ஒரே பாடத்தை ஆறு வாரம் நடத்தினார். எக்செல் தாளில் எங்கள் ஒவ்வொருவருடைய வீட்டுக் கடனையும், நகைக் கடனையும், சீட்டையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யில் சீட்டு கட்டும் குடும்பங்களிலிருந்து வந்த எங்களுக்கு, மூன்றாம் மாதமே தள்ளுபடி கொடுத்துச் சீட்டு எடுத்தால் உண்மையில் எத்தனை விழுக்காட்டுக்குக் கடன் வாங்குகிறோம், கடைசி வரை காத்திருந்து எடுத்தால் எத்தனை விழுக்காட்டுக்குச் சேமிக்கிறோம் என்பது அன்றுதான் விளங்கியது. அந்த ஆசிரியர் இரண்டாம் பருவத்தின் நடுவில் வேறிடத்துக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் ஒரே பாடத்துக்கு மூவர் மாறி மாறி வந்தார்கள். இப்போதைய பாடக் குறிப்பில், பங்கு விற்றால் இரண்டு வேலைநாள் கழித்துப் பணம் வரும் என்றே இருக்கிறது. இந்தியச் சந்தையில் 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் அடுத்த வேலைநாளிலேயே கணக்கு முடிக்கப்படுகிறது. கைபேசியில் பங்கு வாங்கி விற்கும் மாணவர்களுக்குத் தெரிந்த செய்தி பாடக் குறிப்பை இன்னும் எட்டவில்லை.

ஆகவே அங்கே போய்ப் பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். நிதியியல் பாடங்களை நடத்துபவர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டாமாண்டு மாணவர் ஒருவரின் குறிப்பேட்டை வாங்கிப் பாருங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற இரட்டைச் சொற்கள் போய் 'வரி ஆண்டு' என்று ஆகிவிட்டது. உங்கள் மகள் இதைத்தான் படிக்கப் போகிறாளா, பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்யப் போகிறாளா என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

பொள்ளாச்சித் தணிக்கையாளர் எழுதியது:

பெண் சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிக்கும் எண்ணத்தில் இருக்கிறாளா என்பதை ஐயா சொல்லவில்லை. அதைப் பொறுத்து எல்லாமே மாறிவிடும்.

சி.ஏ.வுக்கு இரண்டு வாசல்கள். பிளஸ் டூ முடித்து ஃபவுண்டேஷன் தேர்வு எழுதி இன்டர்மீடியட்டுக்குப் போவது ஒன்று. பட்டம் முடித்து நேரே இன்டர்மீடியட்டில் சேர்வது மற்றொன்று. வணிகவியல் பட்டதாரிக்கு அதற்கு 55 விழுக்காடு மதிப்பெண் போதும். அந்த 55 விழுக்காடு எந்தப் பல்கலைக்கழகத்தில் வாங்கியது என்று யாரும் பார்ப்பதில்லை. 2023இல் வந்த புதிய திட்டப்படி, இன்டர்மீடியட்டின் இரண்டு குழுக்களிலும் தேறிய பிறகு இரண்டு ஆண்டுகள் ஆர்ட்டிகல்ஷிப், அதாவது தணிக்கையாளரிடம் தொழிற்பயிற்சி, செய்ய வேண்டும். முன்பு மூன்று ஆண்டுகள் இருந்தது.

என் அலுவலகத்தில் நான் பார்ப்பது இதுதான். தனியார் பல்கலைக்கழகத்தில் 75 விழுக்காடு வருகைப் பதிவுக்காகக் காலை முதல் மாலை வரை உட்கார்ந்துவிட்டு, மாலையில் சி.ஏ. பயிற்சி வகுப்புக்கும் ஓடி, இரண்டிலும் களைத்துப்போகும் பிள்ளைகள் பலர். ஃபவுண்டேஷனில் தேறியவர்கள் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்து, முழு நேரத்தையும் சி.ஏ.வுக்குக் கொடுக்கிறார்கள். சி.ஏ. முடித்தவரைப் பட்டமேற்படிப்புக்கு இணையாகக் கருதலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் அறிவித்துவிட்டது. ஆகவே சி.ஏ.தான் இலக்கு என்றால் 6 லட்சத்துக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

வங்கித் தேர்வு என்றாலும் அப்படியே. அரசு வங்கி அதிகாரி தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். பங்குச் சந்தை, பரஸ்பர நிதி நிறுவனங்கள், பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள பன்னாட்டு வங்கிகளின் பின்னலுவலகங்கள் என்று போகும் எண்ணமிருந்தால் மட்டும், வளாகத்துக்கு நிறுவனங்கள் வருகின்றனவா என்பது பொருட்படுத்த வேண்டிய கேள்வி.

கோவையில் இரண்டாமாண்டு எழுதியது:

தணிக்கையாளர் ஐயா சொன்ன கடைசி வரிக்கு ஒரு குறிப்பு. வேலை கிடைத்தவர்களின் படங்களை நம்ப வேண்டாம். உயர்கல்வி நிறுவனங்களுக்கான தேசியத் தரவரிசையில் (என்.ஐ.ஆர்.எஃப்.) பங்கேற்கும் நிறுவனங்கள் தாங்கள் அளித்த தரவைத் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கும். அதில் மூன்றாண்டு இளநிலைப் படிப்பு என்ற வரிசையில், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் இருக்கும். எல்லா மூன்றாண்டுப் படிப்புகளையும் சேர்த்துச் சொல்வதால் நிதியியலை மட்டும் பிரித்தறிய முடியாது. ஆனாலும் விளம்பரத்தைவிட மேல்.

இடைநிலை என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒன்பது பேர் மாதம் 20,000 வாங்கி, ஒருவர் மட்டும் 1,20,000 வாங்கினால் சராசரி 30,000 என்று அச்சிடலாம், அது பொய்யில்லை. ஆனால் எல்லாரையும் சம்பளப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் வரும் தொகை, அதாவது இடைநிலைச் சம்பளம், 20,000தான். 10,300 ரூபாய்த் தவணையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என் வீட்டில் இரவில் பேசிக்கொள்ளும் பேச்சு உங்களுக்கு விளங்கும்.

வணிகவியல் ஆசிரியை (சித்தூர்) எழுதியது:

நான் இந்த வட்டாரத்தில் அரசுக் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். என் சொல்லில் ஒருதலைச் சாய்வு இருக்கலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். கேரளச் சட்டமன்றம் தனியார் பல்கலைக்கழகங்களுக்கான சட்ட முன்வரைவை 2025 மார்ச்சில்தான் நிறைவேற்றியது. வாளையாறுக்கு அப்பால் கோவைப் பக்கம் நம்மவர்கள் தனியார் பல்கலைக்கழகம் என்று சொல்பவை பெரும்பாலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். மானியக் குழுச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ் மைய அரசு அறிவித்தவை. மாநிலச் சட்டத்தால் உருவானவை வேறு. எதுவானாலும் பட்டம் செல்லும், அதில் ஐயம் வேண்டாம். ஆனால் பாடத்திட்டம், தேர்வு, விடைத்தாள் திருத்தம் மூன்றும் ஒரே கூரையின்கீழ் நடக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். அது நல்லவர்கள் கையில் இருந்தால் பாடத்தை ஒரே ஆண்டில் புதுப்பிக்கலாம். எங்களுக்கு அதற்குக் குழு கூடி, இன்னொரு குழு கூடி, ஆண்டுகள் ஆகும். மற்றவர்கள் கையில் இருந்தால் எல்லாரும் 85 விழுக்காடு வாங்குவார்கள்.

காலம் பற்றியும் யாரும் பேசவில்லை. கேரளத்தில் 2024 ஜூலை முதல் நான்காண்டு இளநிலைத் திட்டம் நடக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேறலாம். நான்காம் ஆண்டு தொடர்ந்தால் ஆனர்ஸ் பட்டம். கோவைப் பல்கலைக்கழகம் சொல்வது மூன்று ஆண்டுப் பட்டமா, நான்காவது ஆண்டுக்குத் தனிக் கட்டணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லைக்காரர்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழை வைத்துத் தமிழ்நாட்டு மாநில இட ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. பேசுவது ஒரே தமிழ், கொள்வதும் கொடுப்பதும் பொள்ளாச்சியோடு. ஆனால் கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் நம் பிள்ளை வெளிமாநில மாணவர். 1956இல் போட்ட கோடு விண்ணப்பப் படிவத்தில்தான் நமக்கு உறைக்கிறது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. மலையாளம் தடுமாறும் பெண்ணுக்கு அது ஒரு துணை.

கடைசியாக, கணக்கு. பெண் பிளஸ் டூவில் கணிதம் எடுத்தாளா? காமர்ஸோடு கணினியோ வேறு பாடமோ எடுத்து வரும் பிள்ளைகள், இரண்டாமாண்டில் இடர்ப்பாட்டை அளக்கும் பாடம் வந்ததும் திணறுகிறார்கள். ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952இல் எழுதிய முதலீட்டுத் தொகுப்புக் கோட்பாட்டை, எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்காதே என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம். பல இடங்களில் அப்படித்தான் கடக்கிறார்கள். இரண்டு பங்குகள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவைக் கணக்கிட்டுக் காட்டச் சொன்னால்தான் அது நிதியியல். தேங்காய் விலை விழும்போது கள்ளுக் குத்தகை விழாமல் இருந்தால் உங்கள் வீட்டு வருமானம் ஏன் நிலைக்கிறது என்பதை உங்கள் மகள் எண்ணால் சொல்லிக்காட்ட வேண்டும். அதைச் செய்ய வைக்கும் பாடத்திட்டமா என்பதை இரு கல்லூரிகளிலும் பாருங்கள். எங்கள் பாடத்திட்டமும் இதில் முழு மதிப்பெண் வாங்காது.

பொள்ளாச்சித் தணிக்கையாளர் எழுதியது:

அம்மா சொன்ன கடைசி வரிக்காகவே அவர் கல்லூரிக்கு என் ஓட்டு. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி நிறுவிய தேசியப் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் பரஸ்பர நிதி விநியோகஸ்தர் தேர்வைப் படிக்கும்போதே எழுதிவிடலாம். கட்டணம் ஆயிரங்களில்தான், லட்சங்களில் இல்லை. என்னிடம் வேலை கேட்டு வரும் பிள்ளைகளில் அதை முடித்தவர்களோடு பத்து நிமிடம் கூடுதலாகப் பேச எனக்குத் தோன்றுகிறது.

தோப்புக்காரர் எழுதியது:

நேற்று மகளுடன் கோவைக்குப் போய்வந்தோம். நீங்கள் எழுதியவற்றை அவள் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்திருந்தாள். சேர்க்கை அலுவலகத்தில் இருந்தவர் இடைநிலைச் சம்பளம் என்றதும் சற்று விழித்தார். பிறகு அதற்கான பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார் என்றார். ஆசிரியர் ஒருவரைச் சந்திக்க விட்டார்கள். அவரிடம் வரிச் சட்டத்தைப் பற்றி மகள் கேட்டாள். அவர் எழுந்துபோய்ப் புதிய சட்டத்துக்காகத் தாமே எழுதிய குறிப்புகளைக் கொண்டுவந்து காட்டினார். அரை மணி நேரம் எங்களோடு உட்கார்ந்து பேசினார். எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். எட்டு மாதம் என்றார். அந்த விடையை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மகள் கணிதம் எடுத்துத்தான் பிளஸ் டூ முடித்தாள். சி.ஏ. பற்றி இதுவரை நினைத்ததில்லையாம். இரண்டு நாளாக ஃபவுண்டேஷன் பாடத்திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் அலாட்மென்ட் வெள்ளிக்கிழமை வருகிறது. முன்பணத்துக்கான கெடு வியாழக்கிழமை முடிகிறது. இன்று காலை மட்டும் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தார்கள். 25,000 ரூபாயைக் கட்டிவிட்டு, அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் திரும்பக் கேட்கலாமா? தருவார்களா?

ஓய்வுபெற்ற வங்கியர் எழுதியது:

கேட்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி, அறிவிக்கப்பட்ட சேர்க்கைக் கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். நடைமுறைச் செலவென்று 5 விழுக்காட்டுக்கு மிகாமல், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை மட்டுமே பிடிக்கலாம். கடைசி நாள் நெருங்கினாலும், அதைக் கடந்தாலும் திரும்பும் பங்கு படிப்படியாகக் குறையும். அந்த நாள் கழிந்து முப்பது நாளும் தாண்டிவிட்டால் ஒன்றும் வராது. அவர்கள் சொல்லும் வியாழக்கிழமை முன்பணத்துக்கான கெடுதானே தவிர, சேர்க்கையின் கடைசி நாள் அல்ல. அந்தக் கடைசி நாள் எது என்பதை அவர்கள் இணையதளத்திலிருந்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை ரொக்கமாகக் கட்டாதீர்கள், இரசீதில் அது எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்று பாருங்கள். மாணவரின் அசல் சான்றிதழ்களை அவர்கள் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. ஒருவேளை கொடுத்துவிட்டு வந்தீர்களா?

தோப்புக்காரர் எழுதியது:

கேட்டார்கள் ஐயா. மகள் நகலை மட்டும் கொடுத்துவிட்டு, அசலைப் பையிலேயே வைத்துக்கொண்டாள்.